கனமான ஸ்டீயரிங் எல்லாம் பேசுகிற ஸ்டீயரிங் இல்லை

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா கார், ரேஸ் டிராக்குக்கு மட்டும். முன் டயர் என்ன செய்கிறது என்று கைக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக பவர் ஸ்டீயரிங்கை எடுத்துவிட முடிவு செய்தேன். முதலில் குறுக்குவழியில் போனேன். பம்பையும் பெல்ட்டையும் கழற்றி, ரேக்கின் (ஸ்டீயரிங் சுற்றுவதைப் பக்கவாட்டு அசைவாக்கி முன் சக்கரங்களைத் திருப்பும் பாகம்) இரண்டு பைப்புகளையும் ஒரு ஹோஸால் இணைத்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்தது. ஓட்டிப் பார்த்தால் தேனுக்குள் கரண்டியைச் சுற்றுகிற மாதிரி இருந்தது. ரேக்குக்குள் பிஸ்டன் அப்படியே இருக்கிறதே! திருப்பும் ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் ஆயிலை அந்தச் சின்னக் குழாய் வழியே என் கைதான் தள்ள வேண்டியிருந்தது.

சரி, முறையாகவே செய்வோம் என்று ரேக்கை இறக்கிப் பிரித்தேன். ஷாஃப்டை உருவியதும் பிஸ்டனும் அதைச் சுற்றி வளையமாக ஒரு சீலும் தெரிந்தன. கத்தி முனையால் நெம்பி அறுத்து எடுத்தேன். அத்தனை நாள் என் தோளோடு மல்லுக்கு நின்றது இந்த மெல்லிய வளையமா என்று கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய ஆயிலைத் துடைத்து, புது கிரீஸ் பூசி, துளைகளை அடைத்து மாட்டினேன்.

தப்பு அதற்கப்புறம்தான் நடந்தது. ரேக்கைப் பினியனோடு, அதாவது ஸ்டீயரிங் தண்டின் நுனியில் உள்ள பல்சக்கரத்தோடு, அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு அட்ஜஸ்ட்மென்ட் மூடி உண்டு. துளி ஆட்டமும் இருக்கக் கூடாது என்று அதை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன். பிட்டில் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) நிற்கும்போது திடமாக இருந்தது, எனக்கு ஒரே மகிழ்ச்சி. இரண்டாவது ரவுண்டில் ஹேர்பின் வளைவை விட்டு வெளியே வரும்போது பிடியைத் தளர்த்தினேன். ஸ்டீயரிங் நேராகத் திரும்பவில்லை. திருப்பிய இடத்திலேயே நின்றது. வண்டி உள்பக்கப் புல்லை நோக்கிப் போக, கையால் இழுத்து நேராக்கினேன்.

கனத்தை உணர்வு என்று நினைத்திருந்தேன். உள்ளே உராய்வு கூடக்கூட டயரின் பேச்சு அமுங்கித்தான் போகிறது. மூடியை சர்வீஸ் புத்தகத்தில் சொன்ன அளவுக்குத் தளர்த்திய பிறகுதான் நான் தேடியது கிடைத்தது: முன் டயர் பிடியை முழுதாக விடுவதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங் லேசாகிறது. அந்த ஒரு கணத்துக்காகத்தான் இத்தனை வேலையும்.

இன்னொன்று. இந்த வண்டியின் பவர் ரேக் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு 2.8 சுற்று, பவர் உதவி இல்லாத கம்பெனி மேனுவல் ரேக் சுமார் 3.3 சுற்று. சுற்று குறைந்தால் கைக்குக் கனம் கூடும், அதனால் பவர் ரேக்கில் உதவியை எடுத்தால் மெதுவான திருப்பங்களில் கனம் கூடுதலாகவே இருக்கும். 320 மில்லிமீட்டர் ஸ்டீயரிங் வீலைக் கழற்றி 350 போட்ட பிறகு ஓரளவு சமாளிக்கிறேன். வீலை மாற்றினால் ஏர்பேக் போய்விடும் என்பதால் ரோட்டில் ஓடும் வண்டிக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

* * *

மேலே எழுதியவருக்குக் கோளாறு ஸ்டீயரிங்கிலேயே இருந்தது; எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஸ்டீயரிங்கில் குறையே இல்லை, ஆனால் நான் அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நன்றாகத் தாழ்த்திய பிறகு, வேகமான திருப்பத்தின் நடுவில் ஒரு மேடு வந்தால் ஸ்டீயரிங் தானாகவே ஒரு பக்கம் இழுக்கும். ஜாயின்ட்டுகளை மாற்றினேன், ரேக் புஷ்ஷை மாற்றினேன், எதுவும் மாறவில்லை.

கடைசியில் முன் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) ஒரு நேரான பலகையைக் கட்டி, ஜாக்கால் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பார்த்தேன். சக்கரம் மேலே போகப் போக பலகை கண்ணெதிரே வெளிப்பக்கம் திரும்பியது. யாரும் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை! தாழ்த்தியதில், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் சாய்வும், ரேக்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டை ராடின் சாய்வும் ஒத்துப்போகாமல் போயிருந்தன. டை ராட் முனையில் ஸ்பேசர் (இடைத்துண்டு) போட்டு, ஒவ்வொரு தடிமனாக மாற்றி மாற்றி அளந்து, பலகை அசையாமல் ஏறுகிற நிலைக்குக் கொண்டுவர ஒரு முழு நாள் ஆனது. அதே மேட்டில் இப்போது ஒரு கையால் பிடித்தாலும் கோடு மாறவில்லை.