அக்கிக்குப் பிந்தைய நரம்பு வலி: கெட்டமின் ஏற்றிக்கொண்டவர்கள் இருக்கிறீர்களா?

அம்மாவுக்கு வயது 68. எட்டு மாதங்களுக்கு முன் வலது விலாவில் அக்கி வந்தது. கொப்புளங்கள் மூன்று வாரத்தில் காய்ந்துவிட்டன. எரிச்சல் மட்டும் போகவில்லை. துணி உரசினாலே துடித்துப்போகிறார். இரவெல்லாம் போர்வை நுனியை இரண்டு விரல்களால் உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்ந்தாலே பதற்றம் வேறு தொற்றிக்கொள்கிறது.

ப்ரீகாபலின் நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் வரை கொடுத்தோம். தலைசுற்றி இரண்டு முறை விழப் பார்த்தார், 150 ஆகக் குறைத்தார்கள். அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராமில் தூக்கம் வந்தது, வலி அப்படியே இருக்கிறது. லிடோகெயின் ஒட்டுப்பட்டை சில மணி நேரம்தான்.

இப்போது வலி மருத்துவர், மயக்க மருந்தான கெட்டமினைக் குறைந்த அளவில் ரத்தக்குழாய் வழியாக ஏற்றிப் பார்க்கலாம் என்கிறார். தண்டுவடத்தில் குளுட்டமேட் என்ற, நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள் ஓயாமல் தூண்டுவதால் வலிப்பாதை கூர்மையாகிவிடுகிறதாம். அந்தத் தூண்டலை வாங்கும் என்எம்டிஏ ஏற்பிகளை இந்த மருந்து அடைக்கும் என்று பொறுமையாக விளக்கினார். காரணம் எனக்குப் புரிகிறது. ஆனால் மருந்து ஏறும்போது மனம் உடலைவிட்டு விலகியதுபோல் தோன்றலாம் என்றும் சொன்னார். அதுதான் என்னை உறுத்துகிறது. அம்மாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, இதயக் கோளாறு இல்லை.

ஏற்கனவே பதற்றம் உள்ள ஒருவருக்கு இந்த மருந்தை ஏற்றியபோது உடனிருந்தவர்கள் சொல்லுங்கள்: அந்தச் சில மணி நேரத்தை அவர் எப்படிக் கடந்தார்?