ஜனவரியில் சிகாகோ செல்லும் பெற்றோர்: பனிப்புயலில் விமானம் ரத்தானால் யார் பொறுப்பு?

கோபி_வாய்க்கால்மேடு எழுதியது:

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் பெற்றோர் வரும் ஜனவரி இரண்டாம் வாரத்தில் சிகாகோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் புறப்பட வேண்டும். மாதக் கடைசியில் தங்கைக்குப் பிரசவம் என்பதால் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை. அப்பாவுக்கு 71 வயது; தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு முழங்கால் வலி. இருவரும் வாழ்நாளில் கண்ட பெரிய குளிர் தாளவாடியில் கழித்த ஒரு மார்கழி இரவுதான்.

சென்ற குளிர்காலத்தில் அந்தியூரைச் சேர்ந்த எங்கள் உறவினர் ஒருவர் அமெரிக்கக் கிழக்குக் கரையின் விமான நிலையம் ஒன்றில் இரண்டு இரவுகளை நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தார். கவுண்டரில் இருந்தவர்கள் "வானிலை எங்கள் கையில் இல்லை" என்ற ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம். புயல் வருவதற்கு முன்பே, வெயில் அடித்துக்கொண்டிருந்தபோதே விமானத்தை ரத்து செய்தார்கள். புயல் ஓய்ந்து வானம் தெளிந்த மறுநாளும் விமானம் இல்லை என்றார்கள். ஏன் என்பது அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாங்கள் இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. பெங்களூருவிலிருந்து பிராங்பர்ட் வழியாக ஒன்று, கோவையிலிருந்து தில்லி சென்று மாறுவது ஒன்று என இரண்டு வழிகள் பார்த்து வைத்திருக்கிறோம். தில்லி வழியில் உள்நாட்டுப் பயணத்தைத் தனி டிக்கெட்டாக எடுத்தால் தலைக்கு ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சமாகிறது. புயலில் சிக்கினால் தங்குமிடம், உணவு, பணம் ஆகியவற்றில் எதைக் கேட்க உரிமை உண்டு என்பதை அனுபவப்பட்டவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சிங்காநல்லூர்_குளக்கரை எழுதியது:

தம்பிக்கு வணக்கம். நான் வளைகுடா நாட்டு விமான நிறுவனம் ஒன்றின் இயக்கக் கட்டுப்பாட்டு அறையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் உறவினரின் சந்தேகத்துக்கு அந்த அறையிலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும்.

பனி பொழியும்போது விமானம் பறக்க முடியாது என்பதில்லை. இறக்கையின் மேல் படிந்த பனியோடு பறக்கக் கூடாது என்பதே விதி. உப்புத்தாளின் சொரசொரப்பு அளவுக்கு உறைபனி ஒட்டியிருந்தாலும் இறக்கையின் மேல் ஓடும் காற்று கலைந்து, விமானத்தைத் தூக்கும் விசை குறைந்துவிடும். 1982 ஜனவரி 13 அன்று வாஷிங்டனில் அப்படிப் புறப்பட்ட விமானம் ஒன்று பொட்டோமாக் ஆற்றுப் பாலத்தில் மோதி 78 பேர் இறந்தார்கள்.

ஆகவே புறப்படும் முன், உறைவதைத் தடுக்கும் கிளைகால் என்ற வேதிப்பொருள் கலந்த திரவத்தைச் சூடாக்கி இறக்கைமீது பீய்ச்சுவார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் ஆரஞ்சு நிறத் திரவம் ஆவி பறக்க வழிந்தோடுவதைக் காணலாம். அது ஏற்கெனவே படிந்த பனியைக் கரைப்பதற்கு. அதன் மேல் பச்சை நிறத்தில் கூழ்போல் கெட்டியான இன்னொரு திரவத்தைப் பூசுவார்கள். அது புதிதாக விழும் பனி ஒட்டாமல் இருப்பதற்கு. இந்தப் பூச்சுக்கு ஆயுள் உண்டு. பனி கனத்தால் அது அரைமணிக்கும் கீழே போய்விடும். அதற்குள் ஓடுபாதையில் முறை வராவிட்டால் திரும்பிவந்து மறுபடியும் பூசிக்கொள்ள வேண்டும். பனியைவிடக் கொடியது உறைமழை, அதாவது விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்துவிடும் மழை. ஓரளவு வலுத்த உறைமழைக்கு எந்தத் திரவமும் தாங்காது என்பதால் புறப்பாடு அடியோடு நின்றுவிடும். இதற்கிடையில் ஓடுபாதையை மூடிப் பனி வாரிக்கொண்டிருப்பார்கள்.

இரவில் பண்ணாரிச் சோதனைச்சாவடியில் லாரிகளை நிறுத்திவைத்து விடியற்காலையில் திம்பம் மலைப்பாதையைத் திறந்துவிடும்போது என்ன ஆகும் என்று கோபிக்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தடை நீங்கியது ஆறு மணிக்கு என்றாலும் கடைசி லாரி மேலே ஏறும்போது வெயில் ஏறியிருக்கும். லாரியில் ஓட்டுநர் அதிலேயே தூங்கிக்கொள்வார். விமானிக்கோ பணிநேர வரம்பு சட்டத்தில் இருக்கிறது. காத்திருப்பிலேயே அந்த நேரம் தீர்ந்துவிட்டால், விமானமும் தயார், வானமும் தயார் என்ற நிலையிலும் ஓட்ட ஆள் இருக்காது. மறுநாள் வானம் தெளிந்தும் விமானம் இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

வெயிலில் ரத்து செய்ததற்கும் காரணம் உண்டு. 2007 பிப்ரவரியில் நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் உறைமழையில் சிக்கிய விமானங்களுக்குள் பயணிகள் பல மணி நேரம் அடைபட்டுக் கிடந்தார்கள். இப்படிப்பட்ட நிகழ்வுகளுக்குப் பிறகு, தரையில் நிற்கும் உள்நாட்டு விமானமானால் 3 மணி நேரத்துக்குள்ளும் பன்னாட்டு விமானமானால் 4 மணி நேரத்துக்குள்ளும் பயணிகளை இறங்க அனுமதிக்க வேண்டும் என்ற விதி அமெரிக்காவில் வந்தது. மீறினால் அபராதம் கடுமை. அதோடு, புயல் தாக்கும் ஊரில் நிறுத்திய விமானம் பனிக்குள் புதைந்தால் அடுத்த நாள் வேறு நான்கு ஊர்களின் பயணமும் கெடும். ஆகவே முந்தைய நாளே ரத்து செய்து, விமானங்களையும் ஊழியர்களையும் புயலுக்கு வெளியே நகர்த்திவிடுவார்கள். இதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். வீட்டில் இருக்கும்போதே ரத்துச் செய்தி வருவது, கதவருகே நான்கு மணி நேரம் உட்கார்ந்தபின் வருவதைவிட எவ்வளவோ மேல்.

கரூர்_தறிக்காரர் எழுதியது:

அண்ணன் சொன்ன உறைமழையை நேரில் பார்த்தவன் நான். ஆண்டுதோறும் ஜனவரியில் பிராங்பர்ட்டில் நடக்கும் ஹெய்ம்டெக்ஸ்டில் வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குக் கரூரிலிருந்து எங்களில் பலர் போவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2024இல் கண்காட்சி முடிந்தபின் வாங்குநர் ஒருவரைப் பார்த்துவிட்டு 17ஆம் தேதி ஊர் திரும்ப வந்தேன். அன்று பிராங்பர்ட்டில் உறைமழை பெய்து நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. தரை முழுக்கக் கண்ணாடி பதித்ததுபோல் இருந்தது. பெட்டி வண்டி தள்ளும் ஊழியர் ஒருவர் இரண்டு எட்டு வைத்ததும் சறுக்கி உட்கார்ந்தார். கையில் இருந்த படுக்கை விரிப்பு மாதிரிகளைத்தான் அன்று இரவு எனக்கும் பக்கத்தில் இருந்த இரண்டு பேருக்கும் போர்வையாகப் பயன்படுத்தினோம்.

பணம் பற்றிச் சொல்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி ரத்துக்கான இழப்பீடு தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. ஆனால் புயல்போன்ற அசாதாரணச் சூழ்நிலையில் அது கிடைக்காது. கிடைக்க வேண்டியது பராமரிப்பு, அதாவது காத்திருக்கும் காலம் முழுவதற்கும் உணவும், இரவு தங்கினால் விடுதியும், விடுதிக்குப் போய்வர வண்டியும். இதற்கு வானிலை விலக்கு இல்லை. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்ட வழக்கில், அவ்வளவு பெரிய இடரிலும் பராமரிப்புக் கடமை நீங்காது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துவிட்டது. என் விமான நிறுவனத்தின் கவுண்டரில் விடுதி இல்லை என்று கைவிரித்தார்கள். மறுநாள் நானே விடுதி பிடித்து, ரசீதை அனுப்பி, மூன்று மாதம் மின்னஞ்சலில் சண்டை போட்டு அந்தத் தொகையை வாங்கினேன். ஆகவே பிராங்பர்ட் வழியே பாதுகாப்பு. கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்.

காந்திபுரம்_டிக்கெட்டம்மா எழுதியது:

கரூர் அண்ணா மன்னிக்க வேண்டும். கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். கோவையில் விமான டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் தொழிலில் பதினெட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். நீங்கள் பயணத்தைத் தொடங்கியது பிராங்பர்ட்டில், ஆகவே அந்த விதி உங்களைக் காத்தது. இந்த அப்பா அம்மாவின் பயணம் பெங்களூருவில் தொடங்கிச் சிகாகோவில் முடிகிறது; இரண்டும் ஐரோப்பாவுக்கு வெளியே. ஒரே பதிவில் இப்படி ஐரோப்பாவில் மாறிச் செல்பவர்களுக்கு 261 விதி பொருந்தாது என்று அதே நீதிமன்றம் 2022இல் சொல்லிவிட்டது. நிறுவனம் நல்ல மனதோடு செய்தால் உண்டு.

அதைவிடப் பெரிய சிக்கல் விசா. அவர்கள் கையில் இருப்பது அமெரிக்க விசா மட்டுமே. பிராங்பர்ட்டில் மாட்டிக்கொண்டால், நிறுவனம் விடுதிச் சீட்டைக் கொடுத்தாலும் ஷெங்கன் விசா (ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) இல்லாமல் குடியேற்றக் கவுண்டரைத் தாண்டி வெளியே போக முடியாது. எல்லைக் காவலர் விருப்பப்பட்டு விதிவிலக்கு அளிக்கலாம்; கேட்டுப் பெறும் உரிமை இல்லை. முழங்கால் வலியோடு அம்மா மடக்குக் கட்டிலில் படுக்க வேண்டியிருக்கும். அபுதாபி, துபாய் வழியானால் அங்கே பனியும் இல்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியருக்கு இறங்கியதும் அங்கேயே விசா கொடுப்பார்கள் என்பதால் சிகாகோ விமானம் தாமதமானாலும் விடுதிக்குப் போய்ப் படுக்கலாம். அமெரிக்க விசாவும் பாஸ்போர்ட்டும் இன்னும் ஆறு மாதத்துக்குச் செல்லுமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தில்லி வழி வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. ஜனவரி விடியற்காலையில் தில்லிக்குப் புயல் தேவையில்லை, மூடுபனியே போதும். அங்கு 50 மீட்டர் பார்வைத் தூரத்திலும் இறங்கும் வசதி இருந்தாலும், அதற்குப் பயிற்சி பெற்ற விமானியும் தகுந்த விமானமும் சேர்ந்து அமைய வேண்டும். தனி டிக்கெட் எடுத்து, கோவை விமானம் தாமதமாகி, தில்லியில் அமெரிக்க விமானம் போய்விட்டால் நீங்கள் வராதவர் என்று கணக்கில் சேர்ந்துவிடுவீர்கள். திரும்பும் டிக்கெட்டும் சேர்ந்து ரத்தாகும். ஒன்பதாயிரம் மிச்சம் பிடித்து இரண்டு லட்சத்தைத் தொலைத்தவர்கள் என் மேசைக்கு எதிரே அழுதிருக்கிறார்கள். ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், எங்கே அறுந்தாலும் சிகாகோ வரை கொண்டுசேர்க்கும் பொறுப்பு நிறுவனத்துடையது.

அமெரிக்காவுக்குப் போகும், வரும் விமானங்களில் பணம் திரும்பப் பெறும் உரிமை இப்போது தெளிவாக இருக்கிறது. 2024 அக்டோபர் 28 முதல், விமானம் ரத்தானாலோ பன்னாட்டுப் பயணம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானாலோ, மாற்று விமானத்தையும் வவுச்சரையும் நீங்கள் ஏற்காத நிலையில், கேட்காமலே பணத்தைத் திருப்ப வேண்டும். காரணம் வானிலை என்பது இதற்கு விலக்கு ஆகாது. கிரெடிட் கார்டு என்றால் 7 வேலைநாள், மற்றவற்றுக்கு 20 நாள். ஆனால் விடுதியும் உணவும் தரச் சட்டக் கட்டாயம் அங்கே இல்லை. தங்கள் தவறால் தாமதமானால் தருவதாகப் பெரிய நிறுவனங்கள் எழுதிக்கொடுத்திருக்கின்றன. புயலுக்குத் தருவதாக இல்லை. அந்தியூர்க்காரர் இரண்டாம் நாளில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, "இன்றைய ரத்துக்குக் காரணம் வானிலையா, ஊழியர் பற்றாக்குறையா? எழுதிக் கொடுங்கள்" என்பதே. 2022 டிசம்பர் புயலில் மற்ற நிறுவனங்கள் எழுந்துவிட்ட பிறகும் சவுத்வெஸ்ட் என்ற அமெரிக்க விமான நிறுவனம் மட்டும் 16,000-க்கும் மேற்பட்ட விமானங்களை ரத்து செய்ததற்குப் பனி பாதிதான் காரணம். எந்த ஊழியர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே அவர்களுடைய கணினிக்குத் தெரியாமல் போனது. அடுத்த ஆண்டு அரசு 14 கோடி டாலர் அபராதம் விதித்தது.

இன்னொன்று. புயலுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுவனங்கள் வெய்வர் என்று ஒரு சலுகையைத் தங்கள் இணையதளத்தில் அறிவிக்கும். அந்த நாட்களில் கட்டணமில்லாமல் தேதியை மாற்றிக்கொள்ளலாம். அதைப் பார்த்த அன்றே மாற்றுபவருக்கு இருக்கை கிடைக்கும். ரத்தான பிறகு மாற்றுபவர் ஆயிரம் பேருக்குப் பின்னால் நிற்பார்.

கோபி_வாய்க்கால்மேடு எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. அபுதாபி வழியாக ஒரே பதிவில் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டோம். பிரசவ நாளுக்கு முன் இடைவெளி இருக்கட்டும் என்று தேதியையும் ஐந்து நாள் முன்னே நகர்த்தினோம். விவரத்தைப் படித்துக் காட்டியதும் அப்பா, "ஏனுங்க கண்ணு, நம்ம பஸ்ஸு பஞ்சரானாக் கூட அடுத்த பஸ்ஸுல ஏத்திவுடுவாங்களே" என்றார். இன்சுலினைப் பற்றி மட்டும் ஒரு சந்தேகம்: ஒரு மாதத்துக்கு வேண்டியதைக் கைப்பையிலும் மீதியைப் பெரிய பெட்டியிலும் வைக்கலாமா?

சிங்காநல்லூர்_குளக்கரை எழுதியது:

கூடாது தம்பி, முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையின் குளிரில் உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. அதோடு, புயல் நாளில் ஆள் ஒரு விமானத்திலும் பெட்டி இன்னொன்றிலும் போவது சகஜம். இரண்டு மூன்று நாள் கழித்தே பெட்டி வீடு வரலாம். மருத்துவரின் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கி, மருந்தோடு சேர்த்து வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் ஊசியையும் மருந்தையும் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். பெட்டி தாமதமாக வந்தால், அதைப் பெற்ற நாளிலிருந்து 21 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்துவிட வேண்டும். அதன் பிறகு கொடுத்தால், பன்னாட்டு விமானப் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பை வகுக்கும் மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி எதுவும் கிடைக்காது. கம்பளி உடைகளையும் பெட்டியில் போட்டு மூடிவிடாதீர்கள். சிகாகோவில் இறங்கிய உடனே வேண்டியது அதுதான்.