மறு: டாப்ளர் பெர்ஃபியூஷன் இன்டெக்ஸ் – தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். டாப்ளர் பெர்ஃபியூஷன் இன்டெக்ஸ் என்ற மருத்துவ அளவீட்டுக்குத் தமிழ்ப் பெயர் கேட்ட இழைக்கு என் பதில் இது. டாப்ளர் என்பது இரத்தம் ஓடும் வேகத்தை மீயொலியால் (அல்ட்ராசவுண்ட்) அளக்கும் முறை.

> "டாப்ளர் ஊடுபரவல் குறியெண்" என்று வைக்கலாமா?

வேண்டாம் என்பது என் கருத்து. ஊடுபரவல் என்றதும் சவ்வூடு பரவல்தான் நினைவுக்கு வரும். இங்கே சவ்வும் இல்லை, கரைசலும் இல்லை. போதாததற்கு, பெருங்குடல் புற்று கல்லீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று அறியத்தான் இந்த எண்ணையே பார்த்தார்கள். "புற்றுப் பரவலைக் காட்டும் ஊடுபரவல் எண்" என்று எழுதிப் பாருங்கள், குழப்பம் புரியும்.

எதை அளக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்குவோம். கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு, குடலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாகவும் மிச்சம் கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. அங்கே வந்து குடியேறும் புற்றுக்கட்டிகளோ பெரும்பாலும் தமனி இரத்தத்தில்தான் வளர்கின்றன. அதனால் தமனியின் பங்கு கூடும். கட்டி ஸ்கேனில் தெரியும் முன்பே இந்த ஏற்றம் தெரியலாம் என்ற எண்ணத்தில் 1990-களில் கிளாஸ்கோவில் ஆய்வுகள் நடந்தன. இரு குழாய்களிலும் இரத்தம் ஓடும் வேகத்தையும் குழாயின் குறுக்குப் பரப்பையும் மீயொலியால் அளந்து, தமனி ஓட்டத்தை மொத்த ஓட்டத்தால் வகுத்தார்கள். 0.3-ஐத் தாண்டினால் சந்தேகம்.

ஆக, இது வெறும் பங்கு. பெர்ஃபியூஷன் என்றால் திசுவுக்குள் இரத்தம் ஊறுவது; அது எவ்வளவு என்பதை இங்கே யாரும் நேரடியாக அளக்கவில்லை. மூலப்பெயரே கொஞ்சம் தொளதொளதான்; அதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவானேன்? "டாப்ளர் தமனிப்பங்கெண்" என்பது என் பரிந்துரை. பெர்ஃபியூஷன் தனியாக வரும் இடங்களில் "குருதியூட்டம்" போதும்.

> டாப்ளரை எடுத்துவிட்டு "கல்லீரல்" சேர்த்தால்?

கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் படத்திலிருந்தும் இதே போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டிருக்கிறார்கள். எனவே டாப்ளர் இருந்தே ஆக வேண்டும். கல்லீரலை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம், ஓர் எச்சரிக்கை. தமனி சில மில்லிமீட்டர் அகலம்தான். விட்டத்தில் 10 விழுக்காடு கூட்டி அளந்தால் ஓட்டம் 21 விழுக்காடு கூடித் தெரியும். அளப்பவர் கைக்கு ஏற்ப எண் மாறுவது இதனால்தான். கல்லீரல் இறுகும் நோயிலும் தமனியின் பங்கு ஏறும். சாப்பிட்டதும் சிரை ஓட்டம் கூடுவதால் வெறும் வயிற்றில்தான் பார்க்க வேண்டும். இத்தனை சிக்கலால் இது அன்றாடப் பரிசோதனையாக நிலைபெறவில்லை.

பதிவுக்கான வரைவு:

டாப்ளர் தமனிப்பங்கெண் – கல்லீரலுக்குள் வரும் மொத்தக் குருதியோட்டத்தில் தமனி வழி வருவதன் பங்கு. டாப்ளர் மீயொலியால் அளக்கப்படுவது.

"குருதி"யா "இரத்த"மா என்ற பழைய சண்டையை இந்த இழையில் தொடங்க வேண்டாம். எதுவானாலும் எனக்குச் சரி.