ஜெர்மனி நமக்கு ஏன் ஃபீஸ் இல்லாமல் சொல்லிக்கொடுக்கிறது?

கேள்வி: தம்பி மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஜெர்மனியில்தான் எம்.எஸ். என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அரசுப் பல்கலைக்கழகத்தில் ஃபீஸே இல்லையாம். அவர்கள் வரிப்பணத்தில் நம் பையனைப் படிக்கவைத்து அவர்களுக்கு என்ன லாபம்? எங்கேயோ இடிக்கிறது.

பதில் 1: இடிக்க ஒன்றுமில்லை, அங்கே வேலைக்கு ஆள் போதவில்லை. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அனுமதி தருகிறார்கள்; அங்கேயே படித்து மொழியும் பழகியவன் வேலையில் உட்கார்ந்துவிட்டால், கட்டுகிற வரியிலேயே போட்ட காசு வந்துவிடும்.

பதில் 2: எல்லா இடத்திலும் இலவசம் இல்லை அண்ணா. ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல் ஆரம்பித்துவிட்டது, மாஸ்டர்ஸ் என்றால் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 வரை. அப்புறம் ஒரு வருடச் செலவுக்குக் கையில் காசு இருக்கிறது என்று விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் கொஞ்சம்தான் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். நம் பணம்தான், ஆனால் மாதம் 992-க்கு மேல் எடுக்க விடமாட்டார்கள். மியூனிக்கில் அதில் பெரும்பங்கு அறை வாடகைக்கே போய்விடும்.

கேட்டவர்: சரி, பார்ட் டைம் வேலையில் சமாளிக்கலாமா? ஏஜென்ட் அப்படித்தான் சொல்கிறார்.

பதில் 3: சொல்லத்தான் செய்வார், கமிஷன் அவருக்கு! வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம், கைச்செலவுக்கு ஆகும். ஜெர்மன் தெரியாவிட்டால் பெரும்பாலும் கிடங்கில் பெட்டி தூக்கும் வேலைதான். முதலில் ஏபிஎஸ் சான்றிதழுக்கு (நம் படிப்புச் சான்றிதழ்கள் உண்மையானவைதான் என்று சரிபார்த்துத் தருவது) விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்கள் விசாவுக்கு அதைக் கேட்கிறார்கள்.