புது எம்3 செடான்: முகமும் உள்ளறையும் பிடித்திருக்கிறதா?

கேள்வி:
2020-இல் அறிமுகமான பிஎம்டபிள்யூ எம்3 (ஜி80 என்ற தலைமுறை) பற்றிக் கருத்து வேண்டும் நண்பர்களே. பக்கவாட்டில் உப்பிய சக்கர வளைவுகள், பின்னால் நான்கு புகைக்குழாய்கள், எல்லாம் அள்ளுகிறது, ஆனால் முன்னால் வந்து நின்றால் பம்பர் வரை இறங்கும் அந்த நெட்டைக் கிரில் (முன்முகக் காற்றுச் சட்டம்) மனசுக்கு ஒட்டவே இல்லை. உள்ளே எப்படி?

பதில் 1:
நேரில் பாருங்கள், படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடர் நிறத்தில் கிரில் உடலோடு கலந்துவிடும், வெளிர் நிறத்தில்தான் துருத்திக்கொண்டு நிற்கும். எம்3-க்கு அடிப்படையான சாதாரண 3 சீரிஸ் காருக்கு இந்த மூக்கே கிடையாது, இது பிஎம்டபிள்யூவின் 4 சீரிஸ் காரின் முகம். 3.0 லிட்டர் இரட்டை டர்போ இன்ஜினுக்குக் குளிர்காற்று நிறைய வேண்டும், சரி, அதற்காக இவ்வளவு உயரமா என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பதில் 2:
உள்ளே எனக்கு ஒரே குறை, 2022-இல் வந்த வளைந்த திரை. 12.3 அங்குலம், 14.9 அங்குலம் என இரண்டு திரைகள் ஒரே கண்ணாடிக்குள் அழகாகத்தான் இருக்கின்றன, ஆனால் ஏசி பட்டன்களை எடுத்துவிட்டார்கள். வளைவில் வேகமாகப் போகும்போது குளிரைக் குறைக்கத் திரையைத் தடவ வேண்டியிருக்கிறது, ஓட்டுவதற்கென்றே செய்த காரில் இது பெரிய தப்பு.

பதில் 3:
கார்பன் பக்கெட் சீட் (உடலை இறுக்கிப் பிடிக்கும் பந்தய பாணி இருக்கை) எடுக்கும் முன் உட்கார்ந்து பாருங்கள். தொடைகளுக்கு நடுவே கார்பன் மேடு ஒன்று துருத்தி நிற்கும், பக்க அணைப்பும் உயரம், ஏறி இறங்கவே சிரமம். தினசரி ஓட்டத்துக்குச் சாதாரண எம் சீட்டே போதும், அதுவே நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.