மறு: ‘எவர்பேரிங்’ (ஆண்டில் ஒரு தரத்துக்கு மேல் காய்க்கும்) ஸ்ட்ராபெரிக்குத் தமிழ்க் கலைச்சொல்

அம்பத்தூரிலிருந்து

> ‘என்றும் காய்க்கும்’ என்றே வைத்துவிடலாமே. படித்தவுடன் புரியும்.

தப்பாகப் புரியும் ஐயா. நாற்று விற்பவர்கள் எவர்பேரிங் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகையைப் போட்டு அடைக்கிறார்கள். குளிர்நாடுகளில் வசந்தத்தில் ஒரு தரமும் கோடை முடிவில் ஒரு தரமும் காய்ப்பது பழைய வகை. பகல் நீளத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டுப் பூப்பது டே நியூட்ரல். ஆல்பியன், சான் ஆண்ட்ரியாஸ், சீஸ்கேப் எல்லாம் இதில் வரும். வெயில் 30 டிகிரியைத் தாண்டி நிலைத்துவிட்டால் இரண்டுமே மொட்டு வைப்பதைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும். அட்டையில் ‘என்றும்’ என்று போட்டு விற்றால், சித்திரையில் வாங்குபவர் நர்சரிக்காரரோடு சண்டைக்குப் போவார்.

என் முன்மொழிவு: எவர்பேரிங் – மறுகாய்ப்பு, டே நியூட்ரல் – பகல்சாரா.

வேளச்சேரியிலிருந்து

‘பகல்சாரா’ நன்றாக இருக்கிறது. ‘மறுகாய்ப்பு’ வேண்டாம். கரும்பில் வெட்டிய கட்டை மறுபடி தழைப்பதற்கு மறுதாம்பு என்று ஏற்கெனவே ஒரு சொல் ஊன்றியிருக்கிறது. அதைக் கேட்டுப் பழகியவர் முதல் காய்ப்பு முடிந்ததும் செடியை அடியோடு வெட்டிவிட்டுத் தழையக் காத்திருப்பார். முன்பு ஒருவர் எழுதிய ‘பல்காய்ப்பு’ பல் மருத்துவரிடம்தான் கொண்டுபோய் விடும்.

‘தொடர்காய்ப்பு’ போதாதா? தொடர்கதை தினமுமா வருகிறது? இடைவெளி விட்டுத் தவணையாக வருவதைத்தானே தொடர் என்கிறோம்.

இன்னொன்று. பருவத்துக்கு ஒரு தரம் காய்க்கும் வகைகள் மொட்டு வைக்கப் பகல் ஏறக்குறைய 14 மணி நேரத்துக்குக் குறைய வேண்டும். சென்னையில் ஆனி மாதத்தில்கூடப் பகல் 13 மணியைத் தாண்டாது. ஆகவே இங்கே பகல் நீளம் இந்த வகைகளுக்குத் தடையில்லை, தடை சூடுதான். மகாபலேஸ்வரத்தில் பயிராகும் விண்டர் டான், ஸ்வீட் சார்லி போன்ற ஒருபருவ வகைகளும் மார்கழி, தையில் நம் மாடியில் காய்ப்பது இதனால்தான். வாங்குபவருக்கு உண்மையில் வேண்டிய சொல், சூட்டால் பூப்பது தடைபடுவதைக் குறிக்கும் ‘வெப்பத்தடை’. அதையும் பட்டியலில் சேருங்கள்.

தாம்பரத்திலிருந்து

தொடர்காய்ப்புக்கு என் வாக்கு. பட்டியல் தொகுக்கும் அம்மா, சொல்லோடு சேர்த்து வெளியிட வளர்ப்புக் குறிப்பு கேட்டிருந்தீர்களே, இதோ. இதில் வரும் மற்ற சொற்களையும் பார்த்துவிடுங்கள்.

அடைமழை ஓய்ந்ததும், கார்த்திகைக் கடைசியில் நடலாம். 10 அங்குலப் பைக்கு ஒரு செடி. கழுவிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழியாவிட்டால் அதிலுள்ள உப்பே வேரைக் கருக்கும். இலைக்காம்புகள் வந்து கூடும் கட்டைத்தண்டைக் ‘குருத்தடி’ என்கிறேன். அது மண்மட்டத்தில் இருக்க வேண்டும். புதைந்தால் அழுகும், மேலே நின்றால் வேர் காயும்.

முதல் நான்கு வாரம் வரும் பூக்களைக் கிள்ளிவிடச் சொல்வது குளிர்நாட்டு வழக்கம். நமக்குக் கிடைப்பதே மூன்று மாதம்; செடி தெம்பாக இருந்தால் இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஓடுதண்டுகளை மட்டும் தயங்காமல் நறுக்குங்கள், காய்க்குப் போக வேண்டிய சத்தை அவை இழுத்துக்கொள்ளும். பூ முழுதாக விரிந்ததும் மென்தூரிகையால் நடுமேட்டைச் சுற்றி வருடுங்கள். மகரந்தம் சேராத பக்கம் சதை பருக்காது, பழம் கோணலாக வரும். பூவிலிருந்து பழத்துக்கு ஏறக்குறைய 30 நாள்.

இலை ஓரம் பழுப்பேறிக் கருகினால் உடனே உரக்குறை என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் போர்த் தண்ணீரின் உப்புதான். பிடித்துவைத்த மழைநீரை ஊற்றுங்கள். அது தீர்ந்தபின் வாரம் ஒரு தரமாவது நல்ல தண்ணீரைப் பையின் அடியில் வழிந்தோடும்வரை விட்டு உப்பைக் கழுவுங்கள். மாசியில் 50 சதவீத நிழல்வலை கட்டி, பையைத் தளத்தில் நேராக வைக்காமல் செங்கல்மேல் தூக்கி வையுங்கள். கறுப்புப் பையானால் வேர்ச்சூடு இன்னும் ஏறும். காற்று காய்ந்தால் இலையடியில் செஞ்சிலந்தி வரும். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் படத் தெளிக்க வேண்டும்.

ஓடுதண்டு பள்ளிப் பாடநூலிலேயே இருக்கும் சொல், அதைத் தொட வேண்டாம். குருத்தடிக்கு மட்டும் மாற்று இருந்தால் எழுதுங்கள்.