பேட்டிப் பதிவுகளைக் கேட்டு எழுத ஹெட்போன்: ரூ. 2,500-க்குள் எதைப் பார்த்து வாங்குவது?

கெடிலக்கரை (கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். திருப்பாதிரிப்புலியூரிலிருந்து தினமும் பேருந்தில் புதுச்சேரிக்குச் சென்று, முதியவர்களிடம் எடுத்த பேட்டிகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலை பார்க்கிறேன். நாளொன்றுக்கு ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஹெட்போன் காதில் இருக்கும். சென்ற ஆண்டு நேரு வீதியில் 1,200 ரூபாய் கொடுத்து ஒன்று வாங்கினேன். எட்டாவது மாதத்திலேயே குஷனின் கறுப்புத் தோல் செதில் செதிலாக உரிந்து கன்னத்திலும் துப்பட்டாவிலும் ஒட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டது. மூக்குக்கண்ணாடி அணிபவள் என்பதால், அணிந்து முக்கால் மணி நேரத்திற்குள் கண்ணாடிக் காம்பு காதுக்கு மேலே அழுந்தித் தலைவலி வந்துவிடுகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பாட்டுக் கேட்கும்போது நன்றாகவே இருக்கும் இந்த ஹெட்போனில் பேச்சு மட்டும் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. பண்ருட்டிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்ன ‘கொல்லை’ என்ற சொல்லைக் ‘கொள்ளை’ என்று எழுதிவிட்டேன். பிழை திருத்துபவர் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பினார். பெட்டியில் 50 மி.மீ. டிரைவர் (ஒலியெழுப்பும் பகுதி), 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் என்றெல்லாம் பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். 2,500 ரூபாய்க்குள் வாங்க வேண்டுமானால் எதைப் பார்த்து வாங்குவது? பதிவின் பின்னணியில் ஓடும் மின்விசிறிச் சத்தத்துக்கு, இரைச்சலை அடக்கும் ‘நாய்ஸ் கேன்சலிங்’ வகை உதவுமா?

மைக்செட் (முத்தியால்பேட்டை)

அம்மா, திருவிழாக்களுக்கும் கூட்டங்களுக்கும் ஒலிபெருக்கி கட்டிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஹெட்போனில் கோளாறு இல்லை. அதன் இயல்பே அதுதான். விலை குறைந்தவற்றில் பெரும்பாலானவை, கடையில் அரை நிமிடம் கேட்பவரை மயக்குவதற்காகப் பேஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, ஊதிப் பெருக்கியே செய்யப்படுகின்றன. தாழ்ந்த ஒலி மிகும்போது அது தனக்கு மேலே உள்ள ஒலிகளை மூடிவிடும் என்பது காதின் இயற்கை. மெய்யெழுத்துகளை நமக்குப் பிரித்துக் காட்டுபவை பெரும்பாலும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள்தாம். லகரத்துக்கும் ளகரத்துக்கும் உள்ள வேறுபாடும் 2,000-ஐ ஒட்டியும் அதற்குச் சற்று மேலேயும்தான் தெரியும். பழைய தொலைபேசி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதில் நாம் கல்யாணமே பேசி முடிக்கவில்லையா? ஆகவே உங்கள் வேலைக்குப் பேஸ் ஏறக்குறைய வேண்டாத சுமை.

பெட்டியில் உள்ள எண்களை நம்பாதீர்கள். 20 முதல் 20,000 என்று எழுதுபவர், அந்த எல்லைக்குள் ஒலி எத்தனை டெசிபல் ஏறி இறங்குகிறது என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அதற்குப் பொருள் உண்டு. டிரைவரின் அளவும் அப்படித்தான், 30 மி.மீ. டிரைவர் தெளிவாகவும் 50 மி.மீ. மந்தமாகவும் இருப்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். விலைகூடச் சரியான அளவுகோல் இல்லை. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை ஒப்பிட்டு, அதிர்வெண் எதிர்வினைக்கும் (தாழ்ந்த ஒலி முதல் உயர்ந்த ஒலி வரை எதை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதற்கும்) விலைக்கும் தொடர்பு காணவில்லை என்று எழுதினார்.

கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான பேட்டிப் பதிவு ஒன்றைக் கைபேசியில் எடுத்துச் செல்லுங்கள். அதில் ஒரே இடத்தை, இரண்டிரண்டு ஹெட்போன்களாக எடுத்து மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒன்று சற்று உரக்க ஒலித்தாலும் அதுவே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒலியளவைச் சமமாக்கிக்கொள்வது மிக அவசியம். கடைக்காரர் தன் கைபேசியில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டுக் காட்டினால், நன்றி சொல்லிவிட்டு உங்கள் பதிவைப் போடுங்கள்.

தொப்பி (வில்லியனூர்)

மேலே எழுதியவர் ஒலியைப் பற்றிச் சொல்லிவிட்டார். மிருதங்கம் பயில்கிறவன் நான். எனக்குத் தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கத்தின்) கும்கி என்ற தாழ்ந்த நாதம் சரியாகக் கேட்க வேண்டும் என்பதால் பேஸை அவரளவுக்கு வெறுக்க மாட்டேன். அது இருக்கட்டும், நானும் கண்ணாடி அணிபவன் என்பதால் அணியும் வசதியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

தோல் உரிந்ததற்கு உங்கள் வியர்வை மட்டுமே காரணம் அன்று. அது தோலே இல்லை. துணியின்மேல் பூசிய பாலியூரிதேன் படலம். காற்றின் ஈரம் அதைச் சிதைக்கும். கடலை ஒட்டிய நம் ஊர்களில் பயன்படுத்தாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் சில ஆண்டுகளில் உரிந்துவிடும். எனவே குஷன் தனியாகக் கிடைக்கிறதா, கையால் கழற்றி மாட்ட முடிகிறதா என்பதை விலைக்கு முன்பே கேளுங்கள். வெல்வெட் போன்ற துணிக் குஷன் புழுங்காது, உரியாது. பேஸ் கொஞ்சம் கசியும், உங்களுக்கு அது நன்மையே.

காதைச் சுற்றி முழுதாக உட்காரும் வகை, காதின்மேல் அழுந்தும் வகை என்று இரண்டு உண்டு. சோனி எம்.டி.ஆர். இசட்.எக்ஸ்.110 இரண்டாம் வகை. எடை குறைவு, பையில் மடித்து வைக்கலாம். ஆனால் காதுமடலைக் கண்ணாடிக் காம்போடு சேர்த்து அழுத்தும் என்பதால் ஆறு மணி நேரத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் வகையில் குஷன் தடித்து மென்மையாக இருந்தால் காம்பு அதற்குள் புதைந்துகொள்ளும். கடையில் இரண்டு நிமிடம் அணிந்து பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். கூச்சப்படாமல் இருபது நிமிடம் அணிந்திருங்கள். பிடி இறுக்கமாக இருந்தால், தலையின் அகலத்தைவிடச் சற்றே அகலமாகப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஓரிரவு மாட்டி வையுங்கள். பட்டையின் உள்ளே உலோகத் தகடு இருந்தால் தளர்ந்து கொடுக்கும், வெறும் பிளாஸ்டிக் என்றால் உடைந்துவிடக்கூடும்.

ஈ.சி.ஆர். பயணி (லாஸ்பேட்டை)

வயர் இல்லாத காலத்தில் ஏன் இந்தத் தொல்லை? அதே விலைக்கு நாய்ஸ் கேன்சலிங் உள்ள ப்ளூடூத் ஹெட்போன் கிடைக்கிறது; பேருந்திலும் பயன்படும்.

மைக்செட் (முத்தியால்பேட்டை)

ஐயா, பேருந்துக்கு நீங்கள் சொல்வது சரி. இன்ஜினின் ஒரே சீரான உறுமலை அது நன்றாக அடக்கும். ஏர் ஹாரனை அடக்காது. ஆனால் அவர் கேட்டது பதிவுக்குள்ளேயே கலந்திருக்கும் மின்விசிறிச் சத்தத்தை. வெளியிலுள்ள மைக் கேட்கும் ஒலிக்கு நேர் எதிரான ஒலியலையை உண்டாக்கித்தான் அந்தக் கருவி வேலை செய்கிறது; பதிவில் இருப்பதை அது தொடவே தொடாது. அதற்குக் கணினியில் ஈக்வலைசரை (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதியை) திறந்து 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைத்தால் உறுமல் தணியும், செலவே இல்லை. மேலும் ப்ளூடூத்தில் ஒலி கால் நொடி அளவுக்குப் பிந்தி வருவது சாதாரணம். நிறுத்தி, பின்னே போய், மறுபடி கேட்டு எழுதுபவருக்கு ஒரு நாளில் அது எத்தனை நூறு முறை எரிச்சலூட்டும்! பேட்டரி தளர்ந்தால் பெரும்பாலும் மாற்றவும் முடியாது.

ஒலியளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவர்கள் சராசரியாக 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆறு மணி நேர வேலைக்காரர் அந்தக் கணக்கை ஒட்டியே வருகிறார். சொல் புரியவில்லை என்று ஒலியைக் கூட்டாதீர்கள்; வேகத்தைக் குறைத்துக் கேளுங்கள்.

கெடிலக்கரை (கடலூர்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மூன்று கடைகள் ஏறி இறங்கினேன். ஒரு கடையில் பெட்டியைப் பிரிக்கவே மறுத்துவிட்டார்கள். மற்றொரு கடையில் இருபது நிமிடம் அணிந்து உட்கார்ந்திருந்தபோது, கடைப் பையன் இரண்டு முறை வந்து “அக்கா, பில் போடவா?” என்று கேட்டான். நான்கில் இரண்டைப் பிடியின் இறுக்கம் காரணமாகவே ஒதுக்கினேன். ஒலியளவைச் சமமாக்கிக் கேட்டபோது, முதலில் பிரமாதம் என்று தோன்றியதுதான் பேச்சுக்கு மிக மோசமானதாக இருந்தது.

கடைசியில் வாங்கியது 2,400 ரூபாய். காதைச் சுற்றி உட்காரும் வகை, வயர் உள்ளது, குஷன் கழலும். பழையது மாதத்துக்கு 150 ரூபாய் விழுந்தது. இது மூன்று ஆண்டு உழைத்தால் மாதத்துக்கு 67 ரூபாய்கூட ஆகாது. வயர் மேசைக்கு நீளமாகத்தான் இருக்கிறது, சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். நேற்று அந்தப் பண்ருட்டிப் பெரியவரின் பதிவை மீண்டும் போட்டுக் கேட்டேன். “முந்திரிக் கொல்லையில் படுத்துக்கிடப்போம்” என்கிறார்; நாக்கு மேலே வளையாமல் பல்லோரத்தைத் தொட்டுப் போவது அவ்வளவு துலக்கமாகக் கேட்டது. அதே பக்கத்தில் இன்னும் இரண்டு பிழைகளைக் கண்டுபிடித்தேன். அவற்றைப் பிழை திருத்துபவரும் தவறவிட்டிருக்கிறார்.